வைகை கடலைத் தொடும் இடத்தில் நிலா: ஆயில் பெயிண்டில் வரைவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் சனி, ஞாயிறுகளில் சிலருக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். பென்சில், வாட்டர் கலர் எல்லாம் தாண்டி ஆயிலுக்கு வந்ததும் அநேகமாக எல்லோருக்கும் வருகிற ஆசை ஒன்றுதான்: ஓர் ஆறு, மேலே முழு நிலா, தண்ணீரில் அதன் வெளிச்சம். எல்லோரையும் முதலில் கவிழ்ப்பதும் அந்தப் படம்தான். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ராமநாதபுரத்தில் ஆறு எங்கே இருக்கிறது?

வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல, உள்ளூர்க்காரர்களும் கேட்பார்கள். வைகை வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வருகிறது. வழியில் எல்லோரும் குடித்தது போக மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் விழுகிறது. கண்மாயும் நிறைந்து வழிந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊர்ப்பக்கம் பாக் நீரிணையில் கலக்கும். பல வருடம் அது நடப்பதில்லை. ஆனாலும் கழிமுகத்துப் பள்ளத்தில் கடல்நீர் ஏறி நிற்கும். படத்துக்கு அது போதும். நிலாவுக்கு நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்ற பேதமெல்லாம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் நிஜ ஆறாகவே பார்க்கலாம். திருவாடானைப் பக்கத்து ஆட்களுக்குக் காரங்காடு இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து போகும் நீர் அழகாக இருக்கும். தெற்கே இருப்பவர்களுக்கு மூக்கையூர்ப் பக்கம் குண்டாறு. என் மனம் ஆற்றங்கரையில்தான் நிற்கிறது. அதற்குப் பக்கத்து அழகன்குளத்து அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் கப்பல் கீறியிருக்கிறார்கள். இந்தக் கழிமுகத்தில் படம் போட்டவர்களில் நாம் முதல் ஆள் இல்லை.

எந்த நாளில், எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

பௌர்ணமி அன்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் முந்தின நாள் போகச் சொல்வேன். தினசரி காலண்டரில் வளர்பிறைச் சதுர்த்தசி எது என்று பாருங்கள். நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். பௌர்ணமியில் சூரியன் விழவும் நிலா எழவும் சரியாக இருக்கும். அதற்கு முந்தின நாள், சூரியன் விழும்போதே நிலா கிழக்கே ஒரு பனை உயரம் ஏறியிருக்கும். மேற்கே மிச்சமிருக்கிற அந்தி வெளிச்சத்தில் கரை, செடி, மண் எல்லாவற்றின் நிறமும் தெரியும். நிறத்தைக் குறித்துக்கொள்ள அந்த அரை மணி நேரம்தான் கிடைக்கும். பௌர்ணமியில் நிலா கண்ணுக்குப் படும்போது நிறமெல்லாம் போயிருக்கும்.

இன்னொன்று, ராத்திரி பத்து மணிக்குப் போய் நிற்காதீர்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. இங்கே நிலா சாய்ந்து போகாமல் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக, மணிக்குச் சுமார் 15 டிகிரி வீதம் ஏறும். பத்து மணிக்கு அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அப்போது தண்ணீரில் அதன் நிழல் காலடியில் கிடக்கும். இரண்டும் ஒரே படத்தில் அடங்காது. உதித்ததிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும்.

மாதம் என்றால் தையிலிருந்து சித்திரை வரை. ஆடியில் சோழகக் காற்று மண்ணை வாரி இறைக்கும். ஈரப் பெயிண்டில் மணல் ஒட்டினால் படம் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

நிலா வெளிச்சம் நீலம்தானே? அப்புறம் ஏன் என் படம் நீல பக்கெட்டில் முக்கியெடுத்த மாதிரி இருக்கிறது?

நிலா வெளிச்சம் நீலம் இல்லை. அது சூரிய வெளிச்சமேதான். சாம்பல் நிறப் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால், கருவியில் அளந்தால் பகல் வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் மஞ்சளாகக்கூட இருக்கும். நீலமாகத் தெரிவது நம் கண்ணின் வேலை. முழு நிலா சூரியனைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு மங்கல். அந்த வெளிச்சத்தில் கண்ணில் நிறம் பார்க்கிற செல்கள் பாதி தூங்கிவிடும். முழித்திருப்பவற்றுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. பச்சை, நீலப் பக்கம்தான் கூர்மை. பர்க்கின்ஜே என்ற செக் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னது இது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கொல்லையில் செம்பருத்தி இருந்தால் பௌர்ணமி இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். பகலில் பளீரென்று இருந்த பூ கறுத்துப் போயிருக்கும். இலை அதைவிட வெளுப்பாகத் தெரியும்.

ஆகவே ட்யூபிலிருந்து நீலத்தைப் பிதுக்கி அப்படியே பூசினால் அது நிலவிரவு ஆகாது, சினிமா செட் ஆகிவிடும். நிலவிரவின் பெரும்பகுதி நிறம் செத்த சாம்பல்தான். அந்தச் சாம்பல் ஓர் இடத்தில் பச்சைப் பக்கமும் ஓர் இடத்தில் நீலப் பக்கமும் இலேசாகச் சாயும். இருட்டு மட்டும் சூடாக, காப்பிக் கொட்டை நிறத்தில் இருக்கட்டும். சூடான இருட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வெறும் சாம்பலே நீலமாகத் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் ஆர்ட் வான் டெர் நேர் என்பவர் நிலவொளி ஆறுகளை நிறைய வரைந்திருக்கிறார். அவற்றில் பழுப்புதான் அதிகம், நீலம் கொஞ்சம்தான். ஆனாலும் பார்த்தவுடன் இரவு என்று தெரிகிறது.

என்னென்ன கலர் வாங்க வேண்டும்?

ஐந்து ட்யூப் போதும்: டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரின் ப்ளூ, பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), விரிடியன் (நீலம் சாய்ந்த பச்சை). ஒயிட் மட்டும் பெரிய ட்யூபாக. பன்னிரண்டு கலர் டப்பா வாங்கினால் அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள்.

புருஷியன் ப்ளூ ஆசையாக இருக்கும். ஒரு பட்டாணி அளவு எடுத்தால் நிறம் கலக்கும் பலகையான பேலட் முழுவதும் அதன் ராஜ்யம்தான். முதல் படத்துக்கு வேண்டாம். ஜிங்க் ஒயிட்டும் வேண்டாம். அதன் படலம் காய்ந்ததும் நொறுங்கும் தன்மை உள்ளது, பின்னாளில் வெடிப்பு விடும்.

கறுப்புச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், குற்றமில்லை. ஆனால் அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் கலந்தால் கிடைக்கிற கறுப்பை நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ நம் இஷ்டத்துக்குத் திருப்பலாம். ட்யூப் கறுப்பு எங்கே வைத்தாலும் ஓட்டையாகத் தெரியும். ஐவரி பிளாக் எண்ணெயை அதிகம் இழுக்கும், மெதுவாகக் காயும். அதை அடிப்பூச்சுக்குத் தொடவே வேண்டாம்.

வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாக ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். வெள்ளைத் துணியில் எந்த இருட்டை வைத்தாலும் அதிக இருட்டாகத் தெரியும், பயந்து வெளுப்பாக்கிவிடுவீர்கள். பர்ன்ட் அம்பரில் துளி அல்ட்ராமரின் சேர்த்து, டர்பன்டைன் விட்டு நீர்க்க, ஒரு பழந்துணியால் கேன்வாஸ் முழுக்கத் தேய்த்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் மறுநாள் தொட்டால் ஒட்டாது. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் காயும் நிறம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? எந்த வரிசையில்?

நிலாவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் பேலட்டில் ஐந்து குவியல் கலக்கி வையுங்கள். ஒன்றாவது, முன்கரைக்கும் பனைக்கும். அம்பர் தூக்கலான ஆழ்ந்த இருட்டு. இரண்டாவது, தண்ணீரின் இருண்ட பகுதிக்கு. அதே கலவையில் அல்ட்ராமரின் தூக்கல். மூன்றாவது, எதிர்க்கரை மரங்களுக்கு. அதில் விரிடியன் துளி, ஓக்கர் துளி, ஒயிட் நுனிப் பிரஷ். நான்காவது வானம். ஐந்தாவது நிலாவை ஒட்டிய வானம். முதல் மூன்றுக்கும் இடையில் வித்தியாசம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட வேண்டும், நான்காவது மட்டும் பிரிந்து நிற்க வேண்டும். இந்தக் குவியல்களைச் சரியாகக் கலக்க எனக்கு இன்றைக்கும் முக்கால் மணி நேரம் ஆகிறது. பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பின்னால் ஐந்து நாள் அழுகிறார்கள்.

பிறகு வானம். நிலா வரப்போகிற இடத்திலிருந்து வெளியே போகப்போக இருள வேண்டும். அதை வட்டம் வட்டமாகப் பூசாதீர்கள். கேரம் போர்டு மாதிரி ஆகிவிடும். குறுக்கும் நெடுக்குமாகப் பூசி, காய்ந்த அகலப் பிரஷால் மேலாகத் தடவி எல்லைகளை அழிக்க வேண்டும். அடுத்து எதிர்க்கரை. வானம் ஈரமாக இருக்கும்போதே வைத்தால் மர விளிம்பு தானாகவே மசமசவென்று ஆகும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். தூரத்து மரம் எப்போதும் கிட்டத்து மரத்தைவிட வெளுப்புதான். அதன் பிறகு தண்ணீரின் இருட்டு, அதன் பிறகு முன்கரை. இவ்வளவோடு பிரஷைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். நான்கைந்து நாள் காயட்டும்.

இந்த நிலையில் படத்தில் நிலாவே இருக்காது. ஆனால் யாராவது பார்த்துவிட்டு ‘நிலா எங்கே?’ என்று கேட்க வேண்டும். ‘இது என்ன படம்?’ என்று கேட்டால் இருட்டு இன்னும் சரியாக வரவில்லை, நிலாவை வைத்துப் பிரயோஜனமில்லை.

நிலாவை எவ்வளவு பெரிதாகப் போடுவது?

மிளகளவு.

நம்ப மாட்டீர்கள். கையை நீட்டிச் சுண்டுவிரல் நுனியால் நிலாவை மறைத்துப் பாருங்கள். முழுதாக மறைந்து, விரலில் பாதி இடம் மீதி இருக்கும். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். உங்கள் படம் இடமிருந்து வலமாகச் சுமார் 50 டிகிரிக் காட்சியை அடக்குகிறது என்றால் நிலா அதில் நூற்றில் ஒரு பங்கு. இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் அகலக் கேன்வாஸில் 6 மில்லிமீட்டர். அடிவானத்தில் இருக்கும்போது பெரிதாகத் தெரிவது மனம் செய்கிற மாயம். அந்த மாயத்துக்கு மரியாதை செய்து இரண்டு மடங்கு வரை போகலாம். பட்டாணி சரி. எலுமிச்சம்பழம் வேண்டாம். ஒரு மாணவர் சாத்துக்குடி அளவுக்கு வைத்திருந்தார். அது நிலாவாகத் தெரியவில்லை, தெருவிளக்கு குண்டாகத் தெரிந்தது.

வைத்தாயிற்று. ஆனால் ஒளிரவே இல்லை. இன்னும் வெள்ளை ஏற்றட்டுமா?

ட்யூபிலிருக்கும் வெள்ளைக்கு மேல் வெள்ளை கிடையாது. பெயிண்டின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் சுமார் முப்பது மடங்குக்குள்தான் அடங்கும். நிஜ நிலாவுக்கும் அதன் கீழே இருக்கிற பனங்காட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதைப் போல எத்தனையோ மடங்கு. எனவே நிலாவை ஏற்ற முடியாது, மற்றதை இறக்கத்தான் முடியும். பெரும்பாலும் குற்றவாளி வானம். நடு வானத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். அடுத்த குற்றவாளி, ஆசைக்காக அங்கங்கே வைத்த வெள்ளைப் புள்ளிகள்: குடிசை ஜன்னலில் ஒன்று, படகில் ஒன்று, கரைக் கல்லில் நாலு. எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள்.

நிலாவிலும் சுத்த வெள்ளை வேண்டாம். ஒயிட்டில் ஓக்கர் ஓர் ஊசிமுனை. கொஞ்சம் தடிமனாக, ஒரே ஒரு தொடுகை. திரும்ப அதைத் தடவிக் கொடுக்காதீர்கள்.

தண்ணீரில் விழும் நிலாப்பாதையை எப்படி வரைவது?

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

பாதை எப்போதும் நிலாவுக்கு நேர் கீழே, நம்மை நோக்கி வரும். சாய்வாக ஓடாது. ஆறு வளைந்து போனால் பாதையும் வளையும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஆறு எங்கே வேண்டுமானாலும் வளையட்டும், பாதை செங்குத்துதான். தண்ணீர் இல்லாத இடத்தில் அறுந்துபோகும், அவ்வளவே. நிலா தாழ இருக்கும்போது பாதை ஒடுங்கி நீளமாக இருக்கும். ஏற ஏறக் குட்டையாகி அகலும்.

ஒரு மாசி மாதச் சதுர்த்தசியில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். பாதை என்று ஒன்று இல்லவே இல்லை. ஆயிரம் சின்னச் சின்னக் கீற்றுகள், ஒவ்வொன்றும் படுக்கைவசம். எதிர்க்கரைப் பக்கம் நூல் நூலாக நெருங்கி ஒரே கோடாகத் தெரிந்தது. நடுவில் பிரிந்து அரிசி அரிசியாக. என் காலுக்குக் கிட்டே வந்ததும் புளிய இலை அளவு, வேப்பிலை அளவு என்று வளர்ந்து, நடுவே கறுந்தண்ணீர் நிறைய. ஓர் இடத்தில் பாதை சுத்தமாக அறுந்திருந்தது. அங்கே மட்டும் காற்றுப் படவில்லை, தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அந்தக் கறுப்புப் பட்டைக்கு இந்தப் பக்கம் மறுபடி கீற்றுகள். அந்த இடைவெளியை வரைந்த பிறகுதான் என் படத்தில் தண்ணீர் தண்ணீராக ஆனது.

செய்முறை: தண்ணீரின் இருட்டு நன்றாகக் காய்ந்த பிறகு, நான்காவது குவியலில் ஒயிட் கொஞ்சம் சேர்த்துச் சாம்பலாக ஒரு வரிசைக் கீற்று. தட்டைப் பிரஷைப் படுக்கையாகப் பிடித்து, மூச்சை விடுகிற மாதிரி ஒரு இழுப்பு, எடுத்துவிட வேண்டும். அது லேசாக இறுகிய பிறகு, பேலட் நைஃபின் விளிம்பில் வெளிச்ச நிறத்தைத் தொட்டு, சாம்பல் கீற்றுகளில் மூன்றுக்கு ஒன்றின் மேல் மட்டும் ஒற்ற வேண்டும். எல்லாவற்றின் மேலும் ஒற்றினால் சரிகை பார்டர். நிலாவைவிட அதன் பிரதிபலிப்பு ஒரு படி மங்கலாகத்தான் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

வான் டெர் நேர் இன்னொரு வித்தை செய்வார். ஈரப் பெயிண்டை பிரஷின் கட்டைப் பக்கத்தால் சுரண்டி, அடியில் இருக்கும் நிறத்தை வெளியே காட்டுவார். கோரைப் புல், நாணல் விளிம்புக்கு நான் அதைத் திருடிக்கொண்டேன்.

ஆறு வேண்டாம், கடலையே வரைந்தால்?

தாராளமாக. ஆனால் எந்தக் கடல் என்று முடிவு செய்யுங்கள். நம் பக்கத்தில் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடலோரத் தேவிபட்டினம் பக்கம் வரைகிற அமைதியான கீற்றுகளை அப்படியே கொண்டுபோய் ஆண் கடலோர வாலிநோக்கத்தில் வைத்தால் பொய்யாகத் தெரியும். அங்கே அலை உடைகிறது. பாதை கீற்றாக விழாது, துண்டு துண்டாகச் சிதறும்.

அங்கேயே நின்று இரவில் வரைய முடியுமா?

முடியும், கஷ்டம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேலட்டைப் பார்க்க விளக்கைப் போட்டீர்கள் என்றால் அத்தனையும் போச்சு. விளக்கில்லாமல் கலந்தால் அம்பர் எது, விரிடியன் எது என்று தெரியாது. மறுநாள் காலையில் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். இது போதாதென்று நாம் படம் மாட்டும் ஈசலைத் தேடி மழை ஈசல் வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும்.

நான் செய்வது: பழுப்பு நிற பேக்கிங் தாள், ஒரு கரித்துண்டு, ஒரு வெள்ளைச் சாக்பீஸ். இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று மட்டும் நாலைந்து சின்னப் படம். நிறங்களை அந்தி வெளிச்சத்திலேயே வார்த்தையாக எழுதிக்கொள்வேன்: ‘எதிர்க்கரை, ஊறவைத்த புளி நிறம்’ என்கிற மாதிரி. 1870களில் லண்டன் தேம்ஸ் நதியை இரவில் வரைந்த விஸ்லர் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். படகில் போய்ப் பழுப்புத் தாளில் கறுப்பு, வெள்ளைச் சாக்கில் குறித்துக்கொண்டு, நினைவிலிருந்து வீட்டில் வரைவார்.

ஒரு எச்சரிக்கை. இது எல்லைக் கடற்கரை. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ரோந்து வரும். இருட்டில் தனியாக டார்ச்சோடு நிற்கிற ஆளை விசாரிக்கத்தான் செய்வார்கள். கையில் ஆதார் வைத்துக்கொள்ளுங்கள், ஊர்க்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டு பேராகப் போங்கள். தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதி இல்லை. உடைமரப் புதரில் பாம்பு உண்டு.

செல்போனில் படம் எடுத்து வைத்து வரையலாமா?

கரை வளைவு, மரங்களின் இடம் இதற்கெல்லாம் எடுங்கள். நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் நம்பாதீர்கள். இப்போதைய போன்கள் நைட் மோடில் ஷட்டரைத் திறந்து வைத்து, பகல் மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடும். நிழலுக்குள் கிடக்கிற பிளாஸ்டிக் பாட்டில்கூடத் தெரியும். உங்கள் கண் பார்க்காததை எதற்கு வரைய வேண்டும்?

ஒவ்வொரு பூச்சுக்கும் எண்ணெய் எவ்வளவு?

ஆயில் பெயிண்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. அதனால்தான் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம் என்ற விதி. மேல் பூச்சு முதலில் இறுகி, அடிப்பூச்சு பிறகு அசைந்தால் வெடிப்பு நிச்சயம். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும், இரண்டாவதுக்குச் சில சொட்டு எண்ணெய், கடைசிக்கு இன்னும் கொஞ்சம். நிலவிரவுப் படத்தில் மூன்று, நான்கு பூச்சு சாதாரணம் என்பதால் இந்த விதியை இங்கே மீற முடியாது.

காய்ந்த பிறகு இருட்டெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி மங்கிவிட்டது. படம் கெட்டுவிட்டதா?

இல்லை. அடிப்பூச்சு மேலே இருந்த எண்ணெயை உறிஞ்சியிருக்கிறது. அம்பர் இதற்குப் பேர்போனது. துளி ஆளி விதை எண்ணெயை டர்பன்டைனில் கலந்து, மங்கிய இடத்தில் துணியால் மிக மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் இருட்டு திரும்பி வரும். படம் முடிந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வார்னிஷ் அடித்தால் எல்லாம் ஒரே சீராகும்.

நிஜமாகவே கெட்டுப்போன கதையும் உண்டு. 1880ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆர்கிப் குயின்ஜி என்பவர் நீப்பர் நதியின் நிலவிரவை வரைந்து, அந்த ஒற்றைப் படத்தை மட்டும் இருட்டு அறையில் விளக்கொளியில் காட்சிக்கு வைத்தார். ஜனம் அலைமோதியது. நதி மினுங்கியதைப் பார்த்து, பின்னால் விளக்கு வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டாம். ஆனால் ஆழ்ந்த இருட்டுக்காக அவர் தாரெண்ணெய் வகை நிறம் சேர்த்திருந்தார். அது காலப்போக்கில் கறுத்துக்கொண்டே போகும் பொருள். இன்றைக்கு அந்தப் படம் அன்றைக்குப் பார்த்தவர்கள் பார்த்ததைவிட இருண்டிருக்கிறது. அதனால் பழைய செய்முறை என்று யாராவது தார் கலந்த பழுப்பைச் சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். அல்ட்ராமரின், அம்பர் போதும்.

உப்புக்காற்றில் படம் தாங்குமா?

பெயிண்ட் தாங்கும். ஆணியும் சட்டமும்தான் முதலில் போகும். இரும்பு ஆணி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துத் துணியைத் தின்னும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். ஈரத்தில் கேன்வாஸ் தொய்யும், வெயிலில் இழுக்கும். கடலோர வீடு என்றால் நல்ல பிளைவுட் பலகையில் வரைவதே நிம்மதி. சுவரில் அப்படியே ஒட்டி மாட்டாமல், பின்னால் கார்க் துண்டு வைத்துக் காற்று போகவிட்டால் பூஞ்சை வராது. பத்திரம் என்று பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள். இருட்டில் இருந்தால் எண்ணெய் மஞ்சளாகும், நிலாவுக்குக் காமாலை வந்துவிடும். வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளியும்.

வீட்டில் ஆயில் பெயிண்ட் ஆபத்தா?

டர்பன்டைன் நெடி தலைவலி தரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதைவிட முக்கியம் துணி. ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நெருப்பே வேண்டாம். எண்ணெய் இறுகும்போது வருகிற சூடு வெளியேற முடியாததுதான் காரணம். நானும் கதை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சித்திரை மதியம் திண்ணையில் கிடந்த பழைய பெயிண்ட் டப்பாவிலிருந்து மெல்லிசாகப் புகை. உள்ளே என் கிழிந்த வேட்டித் துண்டுகள். தொட முடியாத சூடு. அன்றிலிருந்து துணிகளைக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுகிறேன், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வைக்கிறேன். அம்மா முறைத்தாலும் பரவாயில்லை.

முன்னால் ஒரு படகு வைத்தால் நன்றாக இருக்குமா?

இருக்கும். நிலாப்பாதையை ஒரு கறுப்பு வத்தை (நாட்டுப் படகு) குறுக்கே வெட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். வெளிச்சத்துக்கு எதிரே நிற்கிற பொருள் என்பதால் உள்ளே பலகை, கயிறு என்று எதையும் வரைய வேண்டாம், உருவம் மட்டும். மேல் விளிம்பில் மயிரிழை அளவு வெளிச்சம், அதுவும் பாதி தூரம்தான்.

என் முதல் ஆற்றங்கரைப் படத்தில் மூன்று வத்தைகள் வைத்திருந்தேன். அழகாக இருக்கட்டும் என்று ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், ஒன்று நேராக. அந்த ஊர் மீனவர் ஒருவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். ‘நிலா நல்லாருக்கு சார். ஆனா நங்கூரம் போட்ட வத்தை எல்லாம் ஒரே பக்கந்தானே மூஞ்சியத் திருப்பும்? காத்து ஒண்ணுதானே அடிக்குது?’ என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு வத்தைகளை நைஃபால் சுரண்டி எடுத்தேன். ஒன்றை வாடைக்கு எதிரே திருப்பி வைத்தேன். இன்னொன்று இருந்த இடத்தைத் தண்ணீராகவே விட்டுவிட்டேன்.